பிரதீபா வேண்டாம் என்ற பாட்டு

அத்தியாயம் 17

சென்னையிலிருந்து புறப்பட்ட தொலைக்காட்சிக்காரர்கள் தரங்கம்பாடியைத் தாண்டுவதற்கு முன்பே கமலாம்பாள் பட்டுப்புடவை கட்டிவிட்டாள்.

அரக்கு நிறம். மாங்காய்க் கரை. மகன் ராஜ்மோகனின் கல்யாணத்துக்கு எடுத்த புடவை. ஆனால் அந்தக் கல்யாணத்தன்று அவள் அதைக் கட்டவில்லை. ஏன் என்பது முன்கதையைப் படித்தவர்களுக்கு மறந்திருக்காது.

கமலாம்பாளுடையது கோட்டுச்சேரியில் நெல் பயிரிடும் சைவக் குடும்பம். அடுப்படியில் முட்டைகூட உடைத்ததில்லை. ராஜ்மோகனோ, கல்லூரியில் கூடப் படித்த திருவேட்டக்குடிப் பெண்தான் வேண்டும் என்று நின்றான். அந்தப் பெண் பிரதீபா. அவளுடைய அம்மா செல்லம்மா, தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவள். கமலாம்பாள் கல்யாண மண்டபத்துக்கு வீட்டில் கட்டுகிற நூல் புடவையோடு வந்து, ஓரமாக உட்கார்ந்து, சாப்பிடாமல் திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம், பிரதீபா தாய்வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் வாசல் வழியாக வரக்கூடாது. கொல்லைப்புறக் குழாயில் குளித்து, வேறு புடவை மாற்றித்தான் உள்ளே வர வேண்டும்.

அதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. இன்று அந்தத் தெருவிலேயே மருமகளைப் பற்றி அதிகம் பெருமை பேசுகிற மாமியார் யார் என்று கேட்டால் கமலாம்பாளைத்தான் காட்டுவார்கள். அந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு பாட்டு. பிரதீபா பாடாத பாட்டு.

பிரதீபா காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்துக் கல்யாணங்களில் மெல்லிசைக் குழுவோடு பாடுகிறவள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் மேடையில் பாடியதை யாரோ செல்போனில் எடுத்துப் போட, அதைக் கேட்ட ஓர் இசையமைப்பாளர் சினிமாவில் பாடக் கூப்பிட்டார். சென்னைக்குப் போனாள். அன்று மத்தியானம் இங்கே கமலாம்பாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பிரதீபா நின்றிருந்தாள். பாட்டைப் பாடாமலே வந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டை சுஹைனா என்ற புதுப்பெண் பாடினாள். படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. கல்யாண வீடு, டீக்கடை, பஸ், பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று அது ஒலிக்காத இடமே இல்லை.

“எனக்காக, அப்பேர்ப்பட்ட பாட்டையே உதறிட்டு ஓடியாந்தவ எம் மருமக.”

இதைக் கமலாம்பாள் சொல்லாத வீடு தெருவில் கிடையாது.

ஆனால் நடந்தது வேறு. ஊரிலிருந்து போன் வருவதற்கு முன்பே பிரதீபா அந்தப் பாட்டை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இது ராஜ்மோகன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

*

“தீபா, அந்த விஷயம்…” என்று அடுக்களை வாசலில் வந்து நின்றான் ராஜ்மோகன். மின்துறை அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தான்.

பிரதீபா பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்தே சொன்னீங்க. அதுக்கு மொத நாளும் சொன்னீங்க.”

“அம்மாவுக்கு இருக்குற ஒரே சந்தோஷம் அதான். டிவியில சொல்லணும்னு பட்டுப்புடவை கட்டிட்டு உக்காந்திருக்காங்க. பாத்தியா?”

“பாத்தேன்.”

“அவங்க சொல்றதைச் சொல்லிட்டுப் போகட்டும். நீ ஆமான்னுகூடச் சொல்ல வேணாம். சும்மா இருந்தாப் போதும்.”

“சும்மாதாங்க இருக்கப் போறேன். நாலு வருஷமா இருக்கேன், இன்னிக்கு ஒரு நாள் இருக்க மாட்டேனா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ராஜ்மோகனுக்கு உறுத்தியது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் அவன் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு வெளியே போனான்.

வந்தவர்களில் முன்னால் நின்ற பெண் கார்முகில். நிகழ்ச்சியை நடத்துகிறவள் அவள்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வீட்டிலிருந்த எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். வேண்டாம் என்று விடப்பட்டுப் பின்னால் பெரிய வெற்றி பெற்ற பாட்டுகளைப் பற்றிய தொடர் அது. வாரம் ஒரு பாடகரோ பாடகியோ வருவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கை நழுவிய பாட்டு.’

“ரெண்டு அம்மாவும் இருக்கணும்னு கேட்டிருந்தேனே மேடம். உங்க அம்மா வரலியா?”

“வந்துருவாங்க. பஸ்ல வராங்க,” என்றாள் பிரதீபா.

கூடத்து சோபாவை ஜன்னல் பக்கமாக நகர்த்தினார்கள். விளக்குகளைப் பொருத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் பதிவாகிறது என்று அதை நிறுத்தச் சொன்னார்கள். கமலாம்பாள் வேர்வையைத் துடைத்துத் துடைத்து நெற்றி விபூதி பாதி போய்விட்டது. மறுபடியும் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

செல்லம்மா வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது.

அவளும் நல்ல புடவைதான் கட்டியிருந்தாள். பச்சையில் மஞ்சள் பூப்போட்டது. தலையில் மல்லிகை. முகத்தில் பவுடர். இன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. கூடையைத் தொடவே இல்லை. ஆனால் புடவைக் கரையெல்லாம் புழுதி.

“ஏம்மா, பஸ்ல வரலியா?” என்று பிரதீபா அவளைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

“பஸ்லதான் வந்தேன். வழியில எறங்கி, காலாற நடந்தேன்.”

“இந்த வெயில்லயா?”

செல்லம்மா சொம்பை நிமிர்த்தி மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“பஸ்ல அந்தப் பாட்டப் போட்டான். கண்டக்டருக்கு என்னைத் தெரியும்ல, ‘என்ன ஆயா, இன்னிக்குக் கூடையக் காணோம், மணக்குறியே’ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. வெளையாட்டுக்குத்தான். முன்சீட்டுல ஒரு சின்னப் புள்ள, பொட்டப்புள்ள, என்னையப் பாத்துட்டு மூக்கப் புடிச்சுக்கிட்டு ஆடுச்சு. சினிமாவுல ஆடுவாங்களே அந்தமாரி. நல்லாத்தான் ஆடுச்சு. அவங்கம்மா செல்போன்ல படம் புடிச்சுது. சரி, எதுக்குன்னு எறங்கிட்டேன்.”

பிரதீபா காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

“எதுக்கு மொகத்த இப்படி வச்சிருக்க? டிவிக்காரவுக வந்திருக்காக. போ, போய் சிரிச்ச மொகமா உக்காரு.”

*

கேமரா ஓட ஆரம்பித்ததும் கார்முகிலின் குரல் மாறிவிட்டது.

“வணக்கம் நேயர்களே. சில பாட்டு நம்ம வீட்டுக் கதவைத் தட்டும். நாம திறக்கறதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போயிடும். அப்படி ஒரு பாட்டைக் கை நழுவவிட்ட ஒரு குரலைத் தேடி இன்னிக்குக் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக்கு வந்திருக்கோம்.”

பிரதீபாவும் கமலாம்பாளும் சோபாவில். கேமராவுக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு நாற்காலியில் செல்லம்மா. சோபாவில் வந்து உட்காரச் சொன்னதற்கு, “நான் இங்கயே இருக்கேன், அவுக பேசட்டும்,” என்றுவிட்டாள். ராஜ்மோகன் கதவில் சாய்ந்து நின்றிருந்தான்.

கமலாம்பாள் தடுமாறவே இல்லை. நாலு வருஷம் சொல்லிப் பழகிய கதை. நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரி, கண் விழித்தது, எதிரில் மருமகள் நின்றது எல்லாம் வரிசையாக வந்தது.

“பெத்த பொண்ணுகூட யோசிச்சிருப்பாம்மா. இவ யோசிக்கல. பாட்டாவது ஒண்ணாவதுன்னு எனக்காக ஓடியாந்துட்டா,” என்று சொல்லி முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பிரதீபாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கார்முகில் கேள்விகள் எழுதிய தாளை இரண்டு தடவை புரட்டினாள். சுதாரித்துக்கொண்டு பிரதீபாவின் பக்கம் திரும்பினாள்.

“மேடம், வருத்தம் இருக்கா?”

“இல்லைங்க.”

“கொஞ்சம்கூட?”

“கொஞ்சம்கூட இல்லைங்க.”

ராஜ்மோகன் மூச்சை விட்டான். இவ்வளவுதான். முடிந்துவிட்டது.

“அப்படின்னா எங்க நேயர்களுக்காக ஒரே ஒரு ஆசை,” என்றாள் கார்முகில். “அந்தப் பாட்டு உங்க குரல்ல எப்படி இருந்திருக்கும்னு எல்லாரும் கேக்கட்டும். நிறைய வேணாம், ரெண்டே வரி. அந்த ஹிட் வரி.”

அவளே அதை எடுத்துக் கொடுத்தாள்.

“*நாறுறேன் நான் நாறுறேன்… உன் நெழலு பட்டா மணக்குறேன்…*”

பாடிக்கொண்டே, படத்தில் வருகிறபடி, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து இடுப்பை லேசாக அசைத்துக் காட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மேல் தப்பு இல்லை. கேமராமேன் சிரித்தார். கதவோரம் நின்றிருந்த ராஜ்மோகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த செல்லம்மாவும் சிரித்தாள்.

பஸ்ஸிலும் இப்படித்தான் சிரித்திருப்பாள் என்று பிரதீபாவுக்குத் தோன்றியது. நாலு வருஷமாக, தெருத்தெருவாக, வீட்டு வாசல் வாசலாக, இப்படியே சிரித்துக்கொண்டுதான் மீன் விற்றிருப்பாள்.

மாமியாரின் மடியிலிருந்து பிரதீபா தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

“அந்த வரியை நான் பாட மாட்டேங்க.”

“தொண்டை சரியில்லையா மேடம்?”

“தொண்டை நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “உங்க நிகழ்ச்சிக்குக் கை நழுவிய பாட்டுன்னு பேரு வச்சிருக்கீங்க. என் கையிலேர்ந்து எதுவும் நழுவலைங்க. நானா வேணாம்னு சொன்னேன்.”

“தீபா,” என்றான் ராஜ்மோகன் மெதுவாக.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

“மெட்டைப் போட்டுக் காமிச்சாங்க. ரொம்பப் புடிச்சுது. அப்புறம் பாட்டு எழுதுன தாளைக் குடுத்தாங்க. ஒரு மீன்காரி தன்னைப் பத்தித் தானே பாடுறா, நான் நாறுறேன்னு. ஒருத்தன் நெழல் பட்டா மணந்துருவாளாம். அந்தா உக்காந்திருக்காங்களே, அவங்கதான் எங்கம்மா. திருவேட்டக்குடி செல்லம்மா. மீன் வித்துத்தான் என்னையப் படிக்க வச்சாங்க, பாட்டு வாத்தியார்கிட்ட அனுப்புனாங்க. அவங்க கத்துக்குடுக்க வச்ச பாட்டை வச்சு, அவங்க நாறுறாங்கன்னு எப்படிங்க பாடுறது? அந்த ஒரு வார்த்தையை மாத்துங்கன்னு கேட்டேன். அந்த வார்த்தைதாம்மா பாட்டேன்னாங்க. அப்ப நான் பாடலைன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வெளிய வந்து நிக்கும்போதுதான் வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு.”

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

செல்லம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கமலாம்பாள் எழுந்தாள். புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

“இதுக்குத்தானா அத்தனை தடவை கேட்டுக்கிட்டேன்?” என்றான் ராஜ்மோகன், பல்லைக் கடித்தபடி.

“மாப்ள,” என்றாள் செல்லம்மா. அவள் குரல் எழும்பவே இல்லை. “அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தான். அவள் கட்டியிருந்த நல்ல புடவையின் கரையில் படிந்த புழுதியை அப்போதுதான் கவனித்தான்.

“நடந்தா வந்தீங்க அத்தை?”

செல்லம்மா புழுதி பட்ட கரையை மடித்து மறைத்துக்கொண்டாள். ராஜ்மோகன் அவள் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அவர்கள் இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். ராஜ்மோகன் தலையைக் குனிந்துகொண்டான்.

*

அடுக்களையில் கமலாம்பாள் கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அத்தை.”

“அப்ப எனக்காக வரல.”

“பாட்டை விட்டது உங்களுக்காக இல்லைங்க. ஆனா வந்தது உங்களுக்காகத்தான். பஸ்ல எடமில்லாம விழுப்புரம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். நீங்க கண்ணத் தொறக்கற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கல.”

“ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”

“தெரியும்.”

“நாலு வருஷம் ஊரு முழுக்கச் சொல்லியிருக்கேன். ஒரு நாளாவது, நிறுத்துங்க அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்ல மனசு வரல. அதைச் சொல்லும்போது உங்க மொகம் அவ்வளவு நல்லாருக்கும்.”

கமலாம்பாள் குழாயை மூடினாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பவில்லை.

“அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு அங்க நின்னப்ப,” என்று நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: “என்னையும் நெனச்சியா?”

என்ன கேட்கிறாள் என்று பிரதீபாவுக்குத் தெரிந்தது. அடுக்களை ஜன்னலுக்கு வெளியே, தாய்வீட்டுக்குப் போய் வந்தால் அவள் குளித்த கொல்லைப்புறக் குழாய் தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த வீட்டில் இன்று இன்னொரு வருத்தம் குறையும்.

“நெனச்சேன் அத்தை.”

கமலாம்பாள் சமையல் மேடையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

“சரி,” என்றாள். “பொய் சொல்லாம சொன்ன.”

பிரதீபா வெளியே போகலாமா என்று யோசித்தபோது கமலாம்பாள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் வேறாக இருந்தது.

“அந்த மியூசிக் டைரக்டர் பெரிய ஆளா?”

“பெரிய ஆளுதான்.”

“எவ்வளவு பெரிய ஆளு?”

“அவர் ரூமுக்கு வெளியவே பத்து இருபது பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“அவர் மொகத்துக்கு நேரா சொன்னியா, வேற யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்துட்டியா?”

“நேராத்தான் சொன்னேன்.”

“உக்காந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா?”

“நின்னுக்கிட்டுதான்.”

“குரல் நடுங்குச்சா?”

பிரதீபா யோசித்தாள். “மொத வார்த்தை நடுங்குச்சு. அப்புறம் இல்ல.”

கமலாம்பாள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றையும் வாங்கி எங்கோ பத்திரமாக வைத்துக்கொள்கிறவள் மாதிரி இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்து, கலைந்த கொண்டையைக் கையாலேயே முடிந்துகொண்டாள்.

“வா,” என்றாள்.

*

கூடத்தில் விளக்கை அணைத்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாரும்மா அதை அணைச்சது? போடு,” என்றாள் கமலாம்பாள். “நான் மொதல்ல சொன்னதை அழிச்சிடு. இப்பச் சொல்றதை எடுத்துக்க.”

கார்முகில் கேமராமேனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே விளக்கைப் போட்டிருந்தார்.

“சம்பந்தி, இங்க வாங்க.”

“இருக்கட்டுங்க, நான் இங்கயே…”

“எந்திரிச்சு வாங்கன்னேன்.”

செல்லம்மா தயங்கித் தயங்கி வந்தாள். சோபா விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தவளைக் கமலாம்பாள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, தனக்கு நெருக்கமாக உட்கார வைத்தாள். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“இது எம் மருமக பிரதீபாவோட அம்மா,” என்று கமலாம்பாள் கேமராவைப் பார்த்து ஆரம்பித்தாள். “எம் மருமக ஒரு பெரிய மனுஷன் முன்னால நின்னுக்கிட்டு, எங்கம்மாவைப் பத்தி இப்படி ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வராதுன்னு நேருக்கு நேரா சொன்னவ. வெளிய இருவது பேரு காத்துக்கிட்டு இருக்காங்க, அந்தப் பாட்டு நமக்குக் கெடைக்காதான்னு. இவ வேணாம்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டா. எனக்காக வந்தான்னு இத்தனை நாளா நான் சொல்லிக்கிட்டு இருந்தேன். சின்னப் பெருமையை வச்சுக்கிட்டு ஆடியிருக்கேன். எங்க வீட்டுல இருந்தது இவ்வளவு பெரிய பெருமை. எனக்குத்தான் தெரியல.”

அவ்வளவுதான் என்பதுபோல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நீங்க சொல்லுங்கம்மா,” என்று கார்முகில் செல்லம்மாவைக் கேட்டாள். கேட்கும்போது அவள் குரலில் அந்த நிகழ்ச்சிக் குரல் இல்லை. “நான் அப்படி ஆடிக் காமிச்சிருக்கக் கூடாது. தெரியாமப் பண்ணிட்டேன்.”

“ஒனக்கென்னம்மா தெரியும், நீ சின்னப்புள்ள.” செல்லம்மா விரல்களைக் கோத்துக்கொண்டாள். “எனக்குமே இப்பத்தான் தெரியும். எம்மக ஏதோ சரியாப் பாடலபோல, அனுப்பிட்டாகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேட்டா மனசு நோகுமேன்னு ஒரு நாளும் கேக்கல. இன்னொண்ணு சொல்லணும்னா, அந்த மெட்டு நல்ல மெட்டும்மா. நானே மீனு ஆயும்போது முணுமுணுத்திருக்கேன்.”

கேமராமேன் சிரித்துவிட்டார். அடுத்த நிமிஷம் எல்லோருமே சிரித்தார்கள், கமலாம்பாள் உட்பட. செல்லம்மா மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வார்த்தையை மாத்தச் சொன்னேன்னியே பாப்பா. என்னன்னு மாத்தச் சொன்ன?”

பிரதீபா இதை எதிர்பார்க்கவில்லை. ராஜ்மோகனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. சொல்லிச் சொல்லி அது வெறும் வார்த்தையாகிவிடக் கூடாது என்று தனக்குள்ளேயே வைத்திருந்தாள்.

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தாளம் இல்லை, வாத்தியம் இல்லை. ஊரெல்லாம் கேட்டுச் சலித்த அதே மெட்டுதான். ஆனால் அவள் அதைத் துள்ளலாக எடுக்கவில்லை. சுருதியை ஒரு கட்டை இறக்கி, நிதானமாக எடுத்தாள்.

“*ஏறுறேன் கரை ஏறுறேன்…
என் கூடையில கடல் கொண்டாறேன்…*”

இரண்டாவது தடவை பாடும்போது ‘கடல்’ என்ற இடத்தில் குரலை விட்டாள். அது கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பாடி முடித்தபோது செல்லம்மா நேராக உட்கார்ந்திருந்தாள். சோபாவின் விளிம்பில் இல்லை. நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒரு ராணி மாதிரி. கன்னத்துப் பவுடரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

“இதை எங்கிட்டகூடச் சொன்னதில்லையே,” என்றான் ராஜ்மோகன்.

“நீங்க கேக்கலையே,” என்றாள் பிரதீபா.

அவன் தலையசைத்தான். கொஞ்சம் கழித்து, “கேட்டிருக்கணும்,” என்றான்.

*

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கமலாம்பாள் யாரையும் விடவில்லை. வாழைக்காய் வறுவலும் மோர்க்குழம்புமாக எல்லோரும் சாப்பிட்டு, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கார்முகில் பிரதீபாவைத் தனியாக வாசல் பக்கம் அழைத்தாள்.

“மேடம், இன்னிக்கு எடுத்ததை அப்படியே போடுவாங்களான்னு எனக்குத் தெரியல. அந்தப் பாட்டை வெளியிட்ட கம்பெனிக்கு எங்க சேனல்ல பங்கு உண்டு. நான் சண்டை போடுவேன். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது.”

“சரிங்க.”

“இன்னொண்ணு இருக்கு. இதை உங்ககிட்டச் சொல்லலாமா கூடாதான்னு காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.” கார்முகில் சுற்றிப் பார்த்தாள். “இந்தத் தொடருக்கு உங்க பேரை எங்களுக்குக் குடுத்தது யாருன்னு நீங்க கேக்கவே இல்ல.”

“குழுவுல யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“சுஹைனா மேடம்.”

அந்தப் பாட்டைப் பாடிப் பேர் வாங்கிய சுஹைனாவா?

“அன்னிக்கு நீங்க மறுத்தப்ப அவங்களும் அந்த ரூமுல இருந்தாங்களாம்.”

அப்போது நினைவு வந்தது. மூலையில் ஒரு மெலிந்த பெண் உட்கார்ந்திருந்தாள். முக்காடு போட்டு, கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு. மாதிரிக்குப் பாடிக் காட்டக் கூப்பிட்டிருந்த பெண் என்று சொன்னார்கள். பிரதீபா பேசப் பேச அந்தப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“ஒரு வருஷமா அவங்க எந்த மேடையிலயும் அந்தப் பாட்டைப் பாடுறதில்ல. கேட்டா வேற ஏதாவது காரணம் சொல்லுவாங்க. எங்கிட்ட மட்டும், ‘கோட்டுச்சேரியில தீபாக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களைக் கேளுங்க, அவங்கதான் சொல்லணும்’னாங்க. உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசையாம். சென்னைக்கு வந்தீங்கன்னா ஸ்டுடியோவுல ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வச்சு…”

கமலாம்பாளும் செல்லம்மாவும் பேச்சுக்குரல் கேட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். செல்லம்மாவைக் கொண்டுபோய் விடுவதற்காக ராஜ்மோகன் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தான். மூன்று பேரும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தார்கள்.

பிரதீபா அவசரப்படவில்லை.

“நான் ஒரு தடவை சென்னைக்குப் போயிட்டு வந்தாச்சுங்க,” என்றாள். “பாக்கணும்னா அவங்களை இங்க வரச் சொல்லுங்க. கேமரா வேணாம். எங்கம்மா வீட்டுக்கு வரட்டும். திருவேட்டக்குடிக்கு.”

கார்முகில் அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, வேலியோரமாகப் போய் நின்று பேசினாள். முதலில் இவள்தான் பேசினாள். அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தாள்.

“என்னைக்கு வரலாம்னு கேக்குறாங்க,” என்றாள்.

யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் செல்லம்மா சொன்னாள்:

“ரெண்டு நாள் முன்னாடியே சொல்லச் சொல்லும்மா. நல்ல வவ்வால் மீனா பாத்து எடுத்து வைக்கணும்.”